எர்ப்-பி2 மயலினைக் கட்டுகிறதா, கழற்றுகிறதா?

போன ஞாயிற்றுக்கிழமை சுங்கை சிப்புட் பசாருக்குப் பக்கத்து ஒட்டுக்கடையில், எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் என்னிடம் இரண்டு கேள்வி கேட்டாள். பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவ அறிவியல், கடைசி வருடம். முதல் கேள்வி: "அங்கிள், ஷ்வான் செல்லில் எர்ப்-பி2 என்ற ஏற்பியின் டைரோசினில் பாஸ்பேட் ஏறினால்தான் மயலின் உருவாகும் என்று ஒரு கட்டுரையில் இருக்கிறது. தொழுநோய்க் கிருமி அதே எர்ப்-பி2இல் பாஸ்பேட் ஏற வைத்து மயலினை அழிக்கிறது என்று இன்னொரு கட்டுரையில் இருக்கிறது. இரண்டும் எப்படிச் சரியாகும்?" இரண்டாவது கேள்வி சின்னது, ஆன்டிபாடியை வைத்துப் புரதத்தைத் தேடும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையைப் பற்றி: "என் பிளாட்டில் ஏன் ஒன்றுமே தெரியவில்லை?"

டிஷ்யூ பேப்பரில் படம் போட்டு விளக்கப் பார்த்தேன். தே தாரிக் கொட்டி படம் கரைந்ததுதான் மிச்சம். ஆகவே எழுதியே தருகிறேன்ம்மா. புரத ஆய்வுக்கூடத்தில் 26 வருடம் குப்பைகொட்டியவன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

கூடப் படிக்கிறவர்களுக்காக மயலினைப் பற்றி நாலு வரி. நரம்பிழையைச் சுற்றி, பாயைச் சுருட்டின மாதிரி, ஒரு செல்லின் சவ்வே பல சுற்று சுற்றி இறுகி நிற்பதுதான் மயலின். கை கால் நரம்புகளில் ஒரு ஷ்வான் செல் ஒரு துண்டு நீளத்தை மட்டும் சுற்றும். மூளையிலும் தண்டுவடத்திலும் ஒலிகோடெண்ட்ரோசைட் என்ற செல் பல கைகளை நீட்டி, 40, 50 துண்டுகளைக்கூட ஒரே ஆளாகச் சுற்றிவிடும். உலர்ந்த எடையில் 70 சதவீதத்துக்குக் குறையாமல் கொழுப்பு, மீதி புரதம். மயலின் இல்லாத மெல்லிய இழையில் செய்தி நொடிக்கு 1 மீட்டர் அளவில் நடந்து போகும். தடித்த மயலின் இழையில் 100 மீட்டருக்கு மேலும் பறக்கும். மின்கம்பிக்கு ரப்பர் உறை மாதிரி என்று பள்ளியில் சொல்லித் தருகிறார்கள். எனக்கு அந்த உவமை பிடிக்காது. வயரின் உறை உள்ளே இருக்கிற செம்போடு பேசாது. மயலின் போடும் செல்லோ, உள்ளே ஓடும் நரம்பிழையிடம், அதாவது ஆக்ஸானிடம், கேட்டுக் கேட்டுத்தான் எத்தனை சுற்று சுற்றலாம் என்று முடிவு செய்கிறது. அந்தப் பேச்சில் பெரும்பகுதி, புரதங்களில் இருக்கும் டைரோசின் என்ற அமினோ அமிலத்தில் ஏறி இறங்கும் பாஸ்பேட் வழியாக நடக்கிறது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். அதற்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: பாஸ்பேட் ஏறினால் 'ஆன்', இறங்கினால் 'ஆஃப்'. பாடப் படங்களில் புரதத்தின் தலையில் ஒரு சிவப்பு வட்டம் போட்டு, உள்ளே ஓர் எழுத்தையும் வைத்துவிடுகிறார்கள், பார்க்கிறவர்களுக்கு விளக்குச் சுவிட்சுதான் ஞாபகம் வரும். டைரோசின் விஷயத்தில் அந்த நினைப்பைக் கழற்றி வைத்துவிட வேண்டும்.

என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்க மரம் வெட்டிய காலத்தில் ஆபீஸ் கிராணி ஒரு துண்டுச் சீட்டு எழுதித் தருவார். ஸ்டோரில் நீட்டினால் புது உளி கிடைக்கும், பால் பிடிக்கும் மங்கு கிடைக்கும். தோட்டத்து மருந்தகத்து டிரஸ்ஸரிடம் நீட்டினால் மருந்தும் ஒரு நாள் ஓய்வும். சீட்டு என்னவோ அதே அளவுக் காகிதம்தான். எந்த ஜன்னலில் நீட்டுகிறோம், உள்ளே உட்கார்ந்து படிக்கிறவர் யார் என்பதில்தான் எல்லாமே இருந்தது. டைரோசின் பாஸ்பேட்டும் அப்படி ஒரு சீட்டு. ஒட்டி வைப்பது கைனேஸ், கிழித்துப் போடுவது பாஸ்படேஸ். படிக்கிறவர்களுக்கு எஸ்.எச்.2 என்று பெயர்.

எஸ்.எச்.2 என்பது ஒரு புரதத்தின் மடிப்புப் பகுதி, சுமார் 100 அமினோ அமிலம் நீளம். டோனி பாசன் குழு 1986இல் இதை முதலில் அடையாளம் காட்டியது. அதில் ஆழமான ஒரு பள்ளம், பள்ளத்தின் அடியில் நேர்மின்னூட்டத்தோடு ஓர் ஆர்ஜினின். பாஸ்பேட் எதிர்மின்னூட்டம் கொண்டது, போய் அங்கே ஒட்டிக்கொள்ளும். சீரினிலும் திரியோனினிலும்கூட பாஸ்பேட் ஏறும், ஆனால் அவற்றின் கை குட்டை, பள்ளத்தின் அடியைத் தொடாது. டைரோசினுக்கு மட்டும்தான் கை எட்டும். அந்த டைரோசினை அடுத்து வருகிற மூன்று நான்கு அமினோ அமிலங்களையும் இந்தப் படிப்பாளி பார்ப்பார். எந்த ஜன்னலில் எந்தச் சீட்டு செல்லும் என்பது அங்கேதான் தீர்மானமாகிறது. மனித உடலில் டைரோசின் கைனேஸ் மரபணுக்கள் 90. அவற்றில் 58 சவ்வில் நிற்கும் ஏற்பிகள், 32 உள்ளே திரிபவை. கிழிக்கிற பாஸ்படேஸ்களும் ஏறக்குறைய அதே அளவு கூட்டம்.

இந்தச் சீட்டு இருப்பதே 1979 வரை யாருக்கும் தெரியாது. கலிஃபோர்னியாவில் டோனி ஹண்டர், கட்டி உண்டாக்கும் வைரஸ் புரதத்தில் பாஸ்பேட் எந்த அமினோ அமிலத்தில் ஏறுகிறது என்று மின்புலத்தில் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கான பஃபர் கரைசலின் பி.எச். 1.9 இருக்க வேண்டும். புதிதாகக் கலக்கச் சோம்பல்பட்டு பழையதையே மறுபடி மறுபடி பயன்படுத்தியதில் அது 1.7க்கு இறங்கிவிட்டது. 1.9இல் பாஸ்போ டைரோசினும் பாஸ்போ திரியோனினும் ஒன்றாகவே ஓடும். 1.7இல் பிரிந்துவிட்டன. யாரும் எதிர்பார்க்காத இடத்தில் ஒரு புள்ளி! சாதாரண செல்லில் புரதங்களில் ஏறியிருக்கும் பாஸ்பேட்டில் டைரோசினின் பங்கு சுமார் 0.03 சதவீதம்தான், ஆகவே அதுவரை கண்ணில் படாமல் போனதில் வியப்பில்லை. இந்த 0.03ஐ மனசில் வைத்துக்கொள், உன் இரண்டாவது கேள்விக்கு வேண்டும்.

சரி, ஷ்வான் செல். ஆக்ஸானின் மேல்பரப்பில் நியூரெகுலின்-1 என்ற புரதம், அதன் மூன்றாம் வகை, நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஷ்வான் செல்லின் சவ்வில் அதை ஏற்க எர்ப்-பி2, எர்ப்-பி3 என்று ஒரு ஜோடி. வேடிக்கையான ஜோடி. எர்ப்-பி3க்குக் காது உண்டு, கை விளங்காது: நியூரெகுலினைப் பிடிக்கும், ஆனால் கைனேஸ் வலு மிகக் குறைவு. எர்ப்-பி2க்குக் கை உண்டு, காது கிடையாது: வலுவான கைனேஸ், ஆனால் எந்தச் செய்திமூலக்கூறும் நேரடியாக அதில் வந்து ஒட்டாது. நியூரெகுலின் வந்து எர்ப்-பி3ஐத் தொட்டதும் இரண்டும் சேர்கின்றன. எர்ப்-பி2 தன் கையால் எர்ப்-பி3இன் வாலில் இருக்கும் டைரோசின்களில் சீட்டு ஒட்டுகிறது. அந்த வாலில், பி.ஐ.3 கைனேஸ் என்ற நொதியின் எஸ்.எச்.2 வந்து உட்காரத் தோதான இருக்கைகள் ஆறு உண்டு. எர்ப்-பி2இன் சொந்த வாலில் அந்த இருக்கை ஒன்றுகூட இல்லை.

இதுதான் முடிச்சு. பி.ஐ.3 கைனேஸ் உட்கார்ந்தால் ஏ.கே.டி. என்ற புரதம், அதற்கப்புறம் எம்-டோர் என்ற புரதம், சவ்வு வளர்ச்சி, மயலின் என்று வேலை ஓடும். 2004இல் எலிகளில் காட்டினார்கள்: ஆக்ஸானில் நியூரெகுலின் குறைந்தால் மயலின் மெலிகிறது, கூடினால் தடிக்கிறது. ஆக்ஸான் எத்தனை தடிமனோ அத்தனைக்குத் தக்க சுற்று விழுவது இப்படித்தான். ஆனால் உன் கட்டுரை 'எர்ப்-பி2 மயலினைக் கட்டுகிறது' என்று சுருக்கிச் சொல்லும்போது, கட்டுகிற சீட்டுகளில் பெரும்பாலானவை எர்ப்-பி3இன் முதுகில் ஒட்டியிருக்கின்றன என்பது காணாமல் போய்விடுகிறது.

இனி தொழுநோய். இதில் எனக்கு ஒரு சொந்தக் கணக்கு இருக்கிறது. எங்கள் லயத்தில் கடைசி வீட்டில் ஒரு தாத்தா இருந்தார். இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் உள்ளே மடங்கியே இருக்கும். எனக்கு எட்டு வயது இருக்கும், ஒரு நாள் அடுப்பிலிருந்து கோப்பிக் கேத்தலைத் துணி பிடிக்காமல் தூக்கினார். கைப்பிடி பழுக்கக் காய்ந்திருக்கிறது. அவர் பாட்டுக்குக் கோப்பி ஊற்றிக்கொண்டே என்னிடம் ஏதோ கதை சொல்கிறார். கறி கருகின மாதிரி வாடை வந்த பிறகுதான் குனிந்து தன் கையைப் பார்த்தார். முகத்தில் வலியே இல்லை, கூச்சம் மட்டும் இருந்தது. அப்புறம் சில மாதத்தில் அவரைச் சுங்கை பூலோ தொழுநோயாளர் குடியிருப்புக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் வீட்டுப் பக்கம் போகாதே என்று சொன்ன பெரியவர்கள், ஏன் அந்த இரண்டு விரல் மட்டும் மடங்கின என்று சொல்லவில்லை. அவர்களுக்கும் தெரியாது. முழங்கைக்குப் பின்னால் எலும்பில் இடித்தால் சுரீர் என்று மின்சாரம் பாய்கிற மாதிரி இருக்குமே, அல்நார் நரம்பு, அது தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. அந்த இடத்தில் உடல் சூடு கொஞ்சம் குறைவு. தொழுநோய்க் கிருமிக்குக் குளிர்ந்த இடம்தான் பிடிக்கும். அந்த நரம்பு செத்தால் அந்த இரண்டு விரலும் மடங்கும்.

சுங்கை பூலோ என்றதும் நம் ஆட்கள் ஒதுக்கி வைத்த இடம் என்று மட்டும்தான் நினைக்கிறார்கள். 1930இல் திறந்த அந்தக் குடியிருப்பில் பெரிய ஆராய்ச்சியும் நடந்தது. தொழுநோய்க்குத் தரும் டாப்சோன் வகை மருந்துகளுக்குக் கிருமி பழகிப்போய் எதிர்த்து நிற்கிறது என்பதை உலகத்தில் முதன்முதலாக எலியின் பாதத்தில் கிருமியை வளர்த்து நிரூபித்தது அங்கே இருந்த நோயாளிகளை வைத்துத்தான், 1964இல், பெட்டிட், ரீஸ் என்ற இருவர். ஒரே மருந்தை நம்பாமல் பல மருந்து சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பின்னாளில் சொன்னதற்குப் பின்னால் இந்த மாதிரி ஆதாரங்கள் இருந்தன.

கிருமி ஷ்வான் செல்லை எப்படித் தேடிப் பிடிக்கிறது? அதன் மேலுறையில் பி.ஜி.எல்-1 என்று ஒரு கொழுப்புச் சர்க்கரை. ஷ்வான் செல்லைச் சுற்றி இருக்கும் அடித்தள உறையில் லாமினின்-2 என்ற புரதம். பி.ஜி.எல்-1 அந்த லாமினினைப் பிடித்துக்கொள்ளும். ரம்புக்கனா என்ற ஆய்வாளரின் குழு 2002இல் ஒன்றைக் காட்டியது: நோயெதிர்ப்புச் செல்கள் (டி, பி இரண்டும்) இல்லாத எலியிலும், கிருமி ஒட்டிய மாத்திரத்தில் மயலின் கழல்கிறது. அதே குழு 2006இல் காரணத்தைத் தேடிப்போய் எர்ப்-பி2இல் வந்து நின்றது. கிருமி எர்ப்-பி2ஐ நேரடியாகப் பிடிக்கிறது. நியூரெகுலின் வேண்டாம், எர்ப்-பி3 வேண்டாம். காது இல்லாதவனின் கையைப் பிடித்து நேராக முறுக்கின மாதிரி. எர்ப்-பி2இல் பாஸ்பேட் ஏறுகிறது, வேலையும் தொடங்குகிறது. பக்கத்தில் எர்ப்-பி3 இல்லாததால் அந்த ஆறு இருக்கையும் இல்லை. வலுவாக எழுவது எர்க் என்ற இன்னொரு செய்திப் பாதை, மயலின் கழல்கிறது. மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் ஹெர்செப்டின், எர்ப்-பி2ஐத் தடுக்கும் மருந்து, அதைக் கொடுத்தபோது அந்தச் சோதனையில் சேதம் குறைந்தது. நம் ஊரில் அத்தைமார்களுக்கு மார்பகக் கட்டி வந்தால் 'ஹெர்-2 பாசிட்டிவா' என்று ஒரு பரிசோதனை எழுதுவார்களே, அந்த ஹெர்-2தான் இந்த எர்ப்-பி2.

ஆக உன் இரண்டு கட்டுரையும் சரி. ஒன்றில் எர்ப்-பி2 ஜோடியோடு நிற்கிறது, மற்றதில் தனியாக. ஏறியிருக்கும் பாஸ்பேட் ஒன்றே, வாசிக்க வந்தவர்கள் வேறு.

இங்கேயே நிறுத்தியிருப்பேன். ஆனால் நீ கெட்டிக்காரி, 'அப்படியானால் பி.ஐ.3 கைனேஸ் நல்லவன், எர்க் கெட்டவன்' என்று நோட்டில் எழுதிவிடுவாய். அதுவும் தப்பு. கரையக்கூடிய நியூரெகுலினை ஷ்வான் செல் வளர்ப்பில் கொஞ்சமாகப் போட்டால் மயலின் கூடுகிறது. அதையே அதிகமாகப் போட்டால் எர்க் ஓங்கி மயலின் நிற்கிறது. இது 2010இல் வந்த ஆய்வு. 2012இல் இன்னொன்று: வளர்ந்த எலியின் ஷ்வான் செல்லில் எர்க் பாதையின் மேல்முனையான ராஃபை மட்டும் தூண்டிவிட்டார்கள். ஆக்ஸானில் ஒரு கீறல்கூட இல்லை. ஷ்வான் செல் மயலினை உதறிவிட்டுக் குழந்தைப் பருவத்துக்கே திரும்பிவிட்டது. தூண்டுதலை நிறுத்தினதும் மறுபடி மயலின் போட்டது! அதற்கப்புறம் வந்த வேலைகளில், எர்க்கை மிதமாக, விடாமல் தூண்டி வைத்தால் மயலின் தடிக்கவும் செய்கிறது என்று தெரிந்தது. கறிக்கு உப்பு மாதிரிதான். எவ்வளவு, எத்தனை நேரம், செல்லின் எந்த வயதில் என்று மூன்றையும் கேட்காமல் ஒரு புரதத்துக்கு நல்ல பெயரோ கெட்ட பெயரோ வைக்க முடியாது.

சீட்டைக் கிழிக்கிற பாஸ்படேஸ்களின் கதை இன்னும் விசித்திரம். எஸ்.எச்.பி.2 ஒரு டைரோசின் பாஸ்படேஸ். பாஸ்பேட்டை எடுத்துவிடுவதுதானே அதன் தொழில், அதை நீக்கினால் நியூரெகுலின் செய்தி ஓங்கும், மயலின் கொழுக்கும் என்றுதானே யாரும் கணக்குப் போடுவார்கள்? 2009இல் எலியின் ஷ்வான் செல்களில் அதை நீக்கிப் பார்த்தால் நடந்தது நேர் எதிர். நியூரெகுலின் செய்தியே படுத்துவிட்டது, மயலின் சரியாக உருவாகவில்லை. கிழிக்கிற ஆளும் ஆபீஸ் ஊழியர்தான். பழைய சீட்டு ஜன்னலில் தொங்கிக்கொண்டே இருந்தால் புதுச் சீட்டு நகராது.

கிருமியைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். எர்ப்-பி2தான் தொழுநோயின் முழுக்கதை என்று உன் ரிப்போர்ட்டில் எழுதிவிடாதே. மனிதர்களில் நரம்புச் சேதத்தில் பெரும்பகுதியைச் செய்வது உடலின் எதிர்ப்புச் சக்தியே. 2017இல் வரிக்குதிரை மீனில் செய்த வேலை, பி.ஜி.எல்-1ஐச் சந்தித்த, கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் நைட்ரிக் ஆக்சைடைக் கக்கி நரம்பைக் கெடுக்கின்றன என்று காட்டியது. எர்ப்-பி2 ஆரம்பக் கட்டத்தில் ஒரு வாசல். அந்தத் தாத்தாவின் விரல் மடங்கினது பல வாசல் வழியாக வந்த கேடு.

மூளைப் பக்கமும் கொஞ்சம் வா, அங்கேதான் எனக்குப் பிடித்த புரதம் இருக்கிறது. ஃபின். சவ்வின் உட்புறம் ஒட்டிக்கொண்டு வாழும் டைரோசின் கைனேஸ். சும்மா இருக்கும்போது தன் வாலைத் தானே கவ்விக்கொண்டு சுருண்டு கிடக்கும்: வால் நுனிக்குப் பக்கத்தில் 531ஆம் டைரோசினில் ஏறியிருக்கும் பாஸ்பேட்டை அதன் சொந்த எஸ்.எச்.2 பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு பாஸ்படேஸ் வந்து அந்த பாஸ்பேட்டை எடுத்தால் சுருள் அவிழும், அப்புறம் 420ஆம் டைரோசினில் பாஸ்பேட் ஏறும், ஃபின் வேலையில் இறங்கும். பார்த்தாயா, ஒரே புரதத்தில் ஓர் இடத்துப் பாஸ்பேட் பூட்டு, இன்னோர் இடத்துப் பாஸ்பேட் சாவி. 'ஃபினில் பாஸ்பேட் ஏறியிருக்கிறது' என்று மட்டும் ஒருவர் எழுதினால் அவர் ஒன்றுமே சொல்லவில்லை என்று அர்த்தம்.

மயலினுக்கும் ஃபினுக்கும் தொடர்பு இருப்பது 1994இல் தெரிந்தது. மேக் என்று ஒரு மயலின் புரதம், ஆக்ஸானை ஒட்டின உட்சுற்றில் இருப்பது. அதற்கு நீள வால், குட்டை வால் என்று இரண்டு வடிவம். நீள வால் வடிவம் ஃபினோடு சேர்கிறது. மேக்கை வெளியிலிருந்து பிடித்து இழுத்தால் ஃபின் விழிக்கிறது. ஃபின் இல்லாத எலியின் மூளையில் மயலின் குறைவு. அதே நீள வாலில் 620ஆம் டைரோசினில் பாஸ்பேட் ஏறினால் பி.எல்.சி.-காமா என்ற நொதியின் எஸ்.எச்.2 வந்து உட்காரும். இதெல்லாம் அழகாகத் தொடுத்த கதை. ஒரு நெருடல் மட்டும் உண்டு: மேக் இல்லாத எலியில் மயலின் ஏறக்குறைய நன்றாகவே உருவாகிறது. ஆகவே ஃபினை எழுப்ப மேக் மட்டும் வாசல் இல்லை. லாமினினைப் பிடிக்கும் இன்டெக்ரின் என்ற புரதம் உண்டு, ஆக்ஸானின் எல்1 புரதத்தைத் தொடும் கான்டாக்டின் உண்டு. நம் வீட்டுக்கு முன்வாசல் பின்வாசல் இரண்டும் இருக்கிற மாதிரி.

ஃபின் எழுந்து என்ன செய்கிறது? ரோ என்ற புரதத்தை அடக்கி, செல்லின் கைகள் நீள வழிவிடுகிறது. அது ஒரு பக்கம். எனக்கு ருசியானது மற்றொன்று. எம்.பி.பி. என்று மயலினின் ஒட்டுப் பசை. சவ்வின் உட்புறங்களை ஒன்றோடொன்று ஒட்டி இறுக்குவது அதுதான். அது நேர்மின்னூட்டம் நிறைந்தது, எந்தச் சவ்வைக் கண்டாலும் ஒட்டும். செல்லின் நடுவில் தயாரானால் அங்கேயே கண்டதையும் ஒட்டிவிடும். அதனால் செல் என்ன செய்கிறது தெரியுமா? புரதத்தைத் தயாரித்து அனுப்புவதில்லை. அதற்கான ஆர்.என்.ஏ.வைக் கட்டி, படிக்க விடாமல் வாயை அடைத்து, கைநுனி வரைக்கும் கொண்டுபோகிறது.

தோட்டத்துப் பால் எடுத்த வீட்டுப் பிள்ளைக்கு இதைச் சொல்லிப் புரிய வைப்பது சுலபம். மரத்திலிருந்து இறங்கின பால் ஸ்டோர் வந்து சேருமுன் வாளியிலேயே கட்டிவிட்டால் அது ஒட்டுப்பால் விலைதான். கட்டாமல் இருக்க அம்மோனியா விடுவார்கள். ஆலையில் தொட்டிக்கு வந்த பிறகு ஃபார்மிக் ஆசிட்டைக் கலந்து கட்ட வைப்பார்கள். ஆர்.என்.ஏ.வைக் கட்டி வைத்திருக்கும் ஹெச்.என்.ஆர்.என்.பி.-ஏ2 என்ற புரதமும் அதன் கூட்டாளிகளும் அந்த அம்மோனியா. கைநுனி ஆக்ஸானைத் தொட்டதும் அங்கே எழும் ஃபின், அந்த ஏ2 புரதத்தின் டைரோசினில் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. கட்டு அவிழ்கிறது, எம்.பி.பி. அந்த இடத்திலேயே, அந்த நேரத்திலேயே தயாராகிறது. ஜெர்மனியில் ஒரு குழு இதை 2008இல் காட்டியது. 2011இல் இன்னும் ஒரு படி: ஆக்ஸானில் மின்துடிப்பு ஓடும்போது வெளிவரும் குளூட்டமேட் இதே ஃபின் வழியாக எம்.பி.பி. தயாரிப்பைத் தூண்டுகிறது. வேலை செய்கிற இழைக்கு மயலின் என்பது இந்த வழியில் நடக்கக்கூடும்.

பாஸ்பேட் ஏறினால் ஆட்கள் கூடுவார்கள் என்றே இதுவரை சொல்லிக்கொண்டு வந்தேன். ஏறினால் விலகுவதும் உண்டு. இரண்டு மயலின் துண்டுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியான ரான்வியர் கணுவில், ஆக்ஸான் சவ்வில் நிற்கும் நியூரோஃபாசின் என்ற புரதத்தின் வாலில் ஒரு டைரோசின். பாஸ்பேட் இல்லாதபோது ஆங்கிரின் என்ற புரதம் வந்து பிடித்து உள்கூட்டோடு கட்டிப்போடும், ஏறினால் விட்டுவிடும்.

இப்போது உன் வெற்றுப் பிளாட். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், எலியின் நரம்புத் திசுவை அரைத்து, மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று ஐஸில் வைத்துவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். திங்கட்கிழமை பிலிமில் ஒரு கோடுகூட இல்லை. ஆன்டிபாடியைத் திட்டினேன், பிலிமைத் திட்டினேன், கூட வேலை பார்த்தவரையும் திட்டிவிட்டேன். தவறு என்னுடையது: பஃபரில் பாஸ்படேஸைத் தடுக்கும் வனடேட் போடவில்லை. செல்லை உடைத்த கணமே பாஸ்படேஸ்கள் எல்லாச் சீட்டையும் கிழிக்க ஆரம்பித்துவிடும். ஐஸ் அதை மெதுவாக்கும், நிறுத்தாது. முதலிலேயே இருப்பது 0.03 சதவீதம், அதில் பாதியைப் பத்து நிமிடத்தில் இழந்தால் பிலிமில் என்ன விழும்? சோடியம் ஆர்த்தோவனடேட் போட்டே ஆக வேண்டும். நீ போட்டேன் என்கிறாய். போட்டது எந்த நிறம் என்று பார்த்தாயா? கரைசல் மஞ்சளாக இருந்தால் வனடேட் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கிடக்கிறது, வேலை செய்யாது. பி.எச்.ஐ 10க்குக் கொண்டுவந்து நிறம் போகும் வரை கொதிக்க வை, ஆற வை, மறுபடி பி.எச். பார், மறுபடி கொதிக்க வை. பஃபரில் இ.டி.டி.ஏ.வோ டி.டி.டி.யோ இருக்கிறதா என்றும் பார். இரண்டும் வனடேட்டைக் கெடுத்துவிடும்.

ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் இருக்க, பிளாட்டை எதில் பிளாக் செய்தாய்? பால்பவுடர் என்றால் மாற்று. பாலில் இருக்கும் கேசின் பாஸ்பேட் ஏறிய புரதம், பின்னணியைக் கறுப்பாக்கும். பி.எஸ்.ஏ. (மாட்டு ரத்தப் புரதம்) எடுத்துக்கொள்.

நரம்புத் திசுவுக்கே உள்ள இரண்டு பொறி உண்டு, யாரும் சொல்லித்தர மாட்டார்கள். ஒன்று, மயலினில் பெரும்பகுதி கொழுப்பு. குளிர்ந்த டிரைட்டன் எக்ஸ்-100 என்ற சோப்பு வகைக் கரைசலில் கரையாத கொழுப்புத் தீவுகள் அதில் நிறைய, ஃபினுக்கு அங்கேதான் வீடு. சுழற்றியபிறகு அடியில் படிந்ததைக் குப்பையில் போட்டுவிட்டு மேல்நீரில் ஃபினைத் தேடினால் பாதி ஃபின் குப்பைத் தொட்டியில் இருக்கும். ஆக்டைல் குளுக்கோசைடு என்ற வேறு சோப்பு வகையைப் போட்டால் தீவுகளும் கரையும். இதன் மறுபக்கம்: டிரைட்டனில் கரையாத ஒரு தீவுத் துண்டை ஆன்டிபாடியால் இழுத்தால் அதில் இருக்கும் பத்துப் புரதமும் கூடவே வரும், ஒன்றையொன்று தொட்டிருக்க வேண்டும் என்று இல்லை. ஒரே பஸ்ஸில் வந்தவர்களை எல்லாம் சொந்தக்காரர்கள் என்று எழுதின மாதிரி ஆகிவிடும். இரண்டு, எம்.பி.பி. எதிலும் ஒட்டும். உன் பட்டியலில் எம்.பி.பி. 'புதுக் கூட்டாளி'யாக வந்தால் உப்பைக் கூட்டிக் கழுவிப் பார்த்துவிட்டு அப்புறம் சந்தோஷப்படு.

ஃபினுக்கு வாங்கின 'சார்க் 416' பாஸ்போ ஆன்டிபாடி, ஃபினின் குடும்பத்துப் புரதமான சார்க்கையும் பிடிக்கும், ஃபினின் 420ஐயும் பிடிக்கும், ஏனென்றால் அந்த இடத்து எழுத்துவரிசை இந்தக் குடும்பத்துக்கே பொது. முதலில் ஃபினை மட்டும் இழுத்துவிட்டு அதன்மேல் ஓட்டு. எர்ப்-பி வேலைக்கு, எர்ப்-பி3ஐ இழுத்து, அதோடு பி.ஐ.3 கைனேஸின் பி85 என்ற பகுதி வருகிறதா என்று பார். எர்ப்-பி2இன் பாஸ்பேட்டை மட்டும் பார்த்தால் நீ கேட்ட கேள்விக்கே பதில் வராது. பிளாட்டில் பக்கத்து வரிசையில், பாஸ்படேஸ்களை முடக்கும் பெர்வனடேட் கொடுத்த செல்லின் சாம்பிள் ஒன்றை ஓட்டு. அதில்கூட ஒன்றும் தெரியவில்லை என்றால் கோளாறு உன் நரம்பில் இல்லை, உன் பிளாட்டில். அப்போது பிலிமையும் பஃபர் எழுதின நோட்டையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வா. டிஷ்யூ பேப்பர் வேண்டாம், நான் ஒரு நோட்டுக் கொண்டு வருகிறேன்.